பூகோளப் பாடத்தில் விழுந்த ஓட்டைகள்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பழைய சினிமா ஸ்டூடியோக்களின் மதில்களுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் நரேன் ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவந்தார். ஒரு காலத்தில் அங்கே சீரியல்களுக்கு டப்பிங் நடந்தது. அந்த வேலை குறைந்துபோன பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் பணி கிடைத்தது. நரேன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் கல்யாணி. ஐம்பதை நெருங்குகிற வயது. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இருந்தவர். அவள் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே கொல்கத்தாவில்தான். கணவர் ஜம்புநாதன் வங்கி அதிகாரி. கல்யாணி சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், தகவல் சேமிக்கும் சாதனங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வெகுகாலம் வேலை செய்தாள். பிரிவை ஹைதராபாத்துக்கு மாற்றியபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அதிலிருந்து சின்ன அலுவலகங்கள் சிலவற்றின் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வதுதான் அவளுடைய தொழில். நரேனின் கூடம் அவற்றில் ஒன்று.

அவளுக்குச் சட்டென்று கோபம் வராது, சந்தோஷமும் வராது. ஏதாவது கெட்டுப்போய்விட்டது என்று யாராவது பதறிக்கொண்டு போன் செய்தால், "சரி, வரேன்" என்பாள். வந்து பார்த்துவிட்டு, தெரிந்ததைத் தெரியும் என்பாள், தெரியாததைத் தெரியாது என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கூடத்தில் பதிவாகும் குரல், பதிவு செய்கிற கணினியிலேயே தங்குவதில்லை. கம்பி வழியாகப் போய், டீ போடுகிற பேன்ட்ரிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியில் சேரும். பதிவு செய்பவர், வெட்டி ஒட்டுபவர், கடைசியில் கேட்டுச் சரிபார்ப்பவர் எல்லோரும் அந்த ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பீரோ அது. ஹவுராவில் கடை வைத்திருந்த வீரபாண்டியன் கொடுத்த பெட்டி அது.

முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் மது. பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பது அவர் வேலை. அவருக்கும் பார்வை கிடையாது. சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், கல்யாணி வேறு ஏதோ வேலையாக வந்திருந்தபோது, ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"கல்யாணிதி, இதக் கொஞ்சம் கேளுங்க" என்றார். அவரும் நரேனும் பேசுவது வங்காளியில்தான். பெயரோடு சேர்க்கிற 'தி' அக்கா, 'தா' அண்ணன்.

எட்டாம் வகுப்புப் பூகோளம். வாசித்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். எல்லோருக்கும் அவர் மாஷிமா, வங்காளியில் சித்தி. சுந்தரவனத்து நதிகளைப் பற்றி வாசித்துக்கொண்டே போனவர், வாக்கியத்தின் நடுவில் காணாமல் போனார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறொரு பத்தியில் குரல் மீண்டது.

"நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள் கல்யாணி.

"நிறுத்தினா எனக்குத் தெரியும். யாரும் பேசலைன்னாலும் ரூம் கேக்கும். நாற்காலி, மூச்சு, வெளியில ஆட்டோ, ஏதாவது இருக்கும். இதுல ரூமே இல்ல."

கல்யாணி மறுபடி கேட்டாள். அவர் சொன்னது சரி. காதைப் பொத்திக்கொண்டால் கேட்கிற இரைச்சல்கூட அதில் இல்லை.

அந்த வாரத்தில் இன்னும் சில ஓட்டைகள் அகப்பட்டன. எல்லாமே பிற்பகல் பதிவுகளில் இருந்தன. பிற்பகல் பதிவாளர் ஷபானா. காயல்பட்டினத்துக் குடும்பம், கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. கூடத்தில் கல்யாணியோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். காலைப் பதிவுகளைச் செய்தது வேறொருவர். அவற்றில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது.

"நான் திருப்பிப் போட்டுக் கேட்டேன் கல்யாணிதி" என்றாள் ஷபானா. "ஒவ்வொரு தடவையும் பிரேக் விட்டப்புறம் கடைசி பாராவைப் போட்டுக் கேப்பேன். மாஷிமாவும் கேட்டாங்க. அந்த வரி இருந்துச்சு. அல்லா மேல ஆணை, இருந்துச்சு."

மாஷிமாவுக்கு அது ஞாபகமில்லை. ஏதோ கேட்டேன், எந்த வரி என்று தெரியவில்லை என்றார். தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே வந்து வாசிக்கிற பெண்மணி அவர். திரும்ப வாசிக்க வேண்டும் என்றதும் முகம் வாடிப்போயிற்று.

நரேன் கல்யாணியைக் கூப்பிட்டார். "மெஷின்ல தப்பு இருக்கா?"

கல்யாணி அதற்குள் பெட்டியின் பதிவேடுகளைத் திறந்து அந்த மாதம் முழுவதையும் பார்த்துவிட்டிருந்தாள். வட்டுகள் நலம், கம்பி நலம். வந்த ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டதாகப் பெட்டி சொன்னது.

"தப்புன்னு எதுவும் பதிவாகலை" என்றாள்.

"அப்ப மெஷின் சரியா இருக்கு."

"நான் அப்படிச் சொல்லலை. தப்பு எதுவும் கண்ணுல படலைன்னு சொன்னேன்."

நரேனுக்கு இரண்டும் ஒன்றுதான். பணி கொடுத்தவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஷபானா ஏதோ பொத்தானைத் தவறாக அழுத்துகிறாள், பிறகு பயத்தில் மறைக்கிறாள் என்று தீர்மானித்தார். கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறேன் என்றார். ஷபானா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும் முன் கல்யாணி உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். கல்யாணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஓட்டையே விழவில்லை. பிற்பகல் பதிவுகளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பாடமும் முழுசாக வந்தது. "பாத்தீங்களா?" என்றார் நரேன்.

அன்று சாப்பிடும்போது ஜம்புநாதனிடம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு போனதும் நின்னுடுத்துன்னா, அவதானே காரணம்?" என்றார் அவர்.

"அப்படித்தான் தோணறது."

"பின்னே ஏன் இப்படி உர்ருனு இருக்கே?"

"அவ பொய் சொல்ற மாதிரி இல்லே."

"மூஞ்சியைப் பாத்து லோன் குடுத்தேன்னா என்னை வேலையை விட்டே தூக்கிடுவா" என்று சொல்லிவிட்டு ஜம்புநாதன் இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கொண்டார்.

பள்ளி திறக்கும் காலம் நெருங்கியது. காலை நேரம் மட்டும் போதவில்லை. ஒரு பிற்பகல், வேறு வழியில்லாமல், நரேனே பதிவு மேஜையில் உட்கார்ந்து மாஷிமாவை வாசிக்கவைத்தார். மறுநாள் மது கேட்டுவிட்டு, ஹெட்ஃபோனை நரேனிடமே கொடுத்தார். மண் வகைகள் பற்றிய பாடத்தில் வண்டல் மண் பாதியோடு நின்றது.

நரேன் கல்யாணிக்குப் போன் செய்தபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் எந்தப் பொத்தானையும் தொடலை கல்யாணிதி."

"ஷபானாவும் அதைத்தான் சொன்னா" என்றாள் கல்யாணி.

இந்த முறை அவள் பெட்டியின் பதிவேட்டை விட்டுவிட்டுப் ஒலிக் கோப்பையே உள்ளே திறந்து பார்த்தாள். ஓட்டை இருந்த இடம் முழுவதும் வெறும் பூஜ்யங்கள். அது ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் கணினி தன் வசதிக்காகக் கோப்பை நறுக்கி அனுப்புகிற துண்டுகளின் விளிம்பில் கச்சிதமாகப் பொருந்தின. ஷபானாவின் பழைய கோப்புகளையும் எடுத்துப் பார்த்தாள். அவற்றிலும் அப்படியே இருந்தது. பேச்சைக் கையால் வெட்டுகிறவர் மூச்சு விடுகிற இடம் பார்த்து வெட்டுவார், அல்லது கை தவறி எங்காவது வெட்டுவார். ஒவ்வொரு தடவையும் துண்டின் விளிம்பில் வெட்ட எந்தக் கைக்கும் முடியாது.

முதல் நாளே இப்படிக் கோப்பைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் ஷபானா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. கல்யாணி இதை நினைத்தாள். அதற்கு மேல் அதை வளர்க்காமல் வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் பிற்பகல் மாஷிமாவை மறுபடி வரச் சொன்னாள். நரேன் பதிவு செய்ய, அவள் பேன்ட்ரி அலமாரிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாஷிமா வாசித்தார். பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்துவைப்பது வழக்கம், அதன் சத்தம் குரலோடு சேர்ந்துவிடும் என்பதால். ஒரு பாடம் முடிந்து இடைவேளை விட்டதும், மாஷிமா புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்வதைப் பார்த்து நரேன் ஏசியைப் போட்டார். பேன்ட்ரியின் டியூப் லைட் ஒரு கணம் மங்கியது. கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. டீ குடித்து முடிப்பதற்குள் பெட்டி பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. பதிவுக் கணினி அதுவரை பொறுமையாகக் காத்திருந்து, ஒன்றும் நடக்காததுபோல மேலே எழுதத் தொடங்கியது.

மது கேட்டார். இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பகுதி இல்லை.

பாதிக் கதை விளங்கிவிட்டது. காலையில் வெயில் இல்லை, யாரும் ஏசி போடுவதில்லை. பிற்பகலில் ஷபானா ஒவ்வொரு இடைவேளையிலும் மறக்காமல் ஏசியைப் போட்டாள். மாஷிமாவுக்கு வேர்க்கிறதே என்றுதான். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த யுபிஎஸ்ஸின் பேட்டரி நலிந்து, அந்த ஒரு கணத்தைக்கூடத் தாங்கவில்லை. அவள் திருப்பிப் போட்டுக் கேட்டபோது வரி இருந்ததும் உண்மைதான். அப்போது அவள் கேட்டது பதிவுக் கணினி தன் நினைவில் வைத்திருந்த நகலை. பெட்டியின் வட்டில் அது போய்ச் சேரவே இல்லை.

"அவ்வளவுதானா!" என்றார் நரேன். "கரண்ட்! புது யுபிஎஸ் வாங்கிடலாம், முடிஞ்சுது."

"வாங்குங்க. ஆனா முடியலை" என்றாள் கல்யாணி.

"இன்னும் என்ன?"

"பெட்டி அணைஞ்சு எழுந்தாலும் எதுவும் தொலையக் கூடாது. அதுக்கு ஏற்பாடு இருக்கு."

ஏற்பாடு இதுதான். பெட்டி எதையும் வந்தவுடன் வட்டில் எழுதுவதில்லை. முதலில் வாங்கித் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் பதிவுக் கணினி தன்னிடமுள்ள நகலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, கொஞ்சம் பொறுத்து, "எழுதியாயிற்றா?" என்று கேட்கும். "ஆயிற்று" என்கிற பதிலோடு பெட்டி ஓர் எண்ணையும் சொல்லும்; துண்டை வாங்கும்போதே அந்த எண்ணை ஒருமுறை சொல்லியிருக்கும். ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் பெட்டி அந்த எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். எண் மாறியிருந்தால், நடுவில் பெட்டி அணைந்திருக்கிறது, நினைவில் வைத்திருந்தது போய்விட்டது என்று கணினி புரிந்துகொண்டு நகலை மறுபடி அனுப்பிவிடும். மின்சாரம் எத்தனை தடவை போனாலும் ஒரு சொல்கூடத் தொலையாது.

கல்யாணி அன்று கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் கம்பியில் ஓடிய பேச்சை முழுவதும் பிடித்து வைத்திருந்தாள். அணைவதற்கு முன் பெட்டி சொன்ன எண்ணையும், எழுந்த பிறகு சொன்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெட்டி அணைந்ததே தெரியாமல் கணினி நகலைத் தூக்கி எறிந்திருந்தது.

பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, படகில் ஆற்றைக் கடந்து ஹவுராவுக்குப் போனாள். பட்டறைகளுக்கு நடுவே, கடைசல் இயந்திரங்களின் சத்தத்தில் இருந்தது வீரபாண்டியன் கடை. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம். போன் பண்ணியிருந்தா நானே வந்துருப்பேனே."

கல்யாணி நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "இந்தப் பொட்டியில அப்படியெல்லாம் வராது மேடம். எத்தன பேருக்குக் குடுத்துருக்கேன்."

"வேற எங்கேயும் பாத்திருக்க மாட்டா. போடுங்கோ, பாக்கலாம்."

பெட்டியோடு திரையை இணைத்து விசையைப் போட்டார். எழுத்துகள் ஓடின. முதல் வரியிலேயே தேதி எந்தக் காலத்து ஆங்கிலப் புத்தாண்டு தினமாகவோ இருந்தது.

"இதென்ன தேதி?" என்று கேட்டாள் கல்யாணி.

"அதுவா? உள்ள பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. பழைய பொட்டின்னா வர்றதுதான். நெட்டு கெடச்சதும் டைம் தானா சரியாயிரும். அதனால ஒண்ணும் பாதகமில்ல."

கல்யாணி அந்த வரியைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அணைச்சுட்டு மறுபடி போடுங்கோ" என்றாள்.

போட்டார். அதே புத்தாண்டு, அதே நொடி. எண்ணும் அதேதான். இன்னும் சில தடவை செய்து பார்த்தார்கள். எப்போதாவது ஒரு நொடி முன்பின்னாக எழுந்தது. அப்போது மட்டும் எண் மாறியது.

பெட்டி அந்த எண்ணைத் தான் எழுந்த நேரத்திலிருந்து உருவாக்கிக்கொண்டிருந்தது. செய்தவர்கள், ஒரு கடிகாரம் ஒரே நேரத்தை இரண்டு தடவை காட்டாது என்று நம்பி அப்படி வைத்துவிட்டார்கள். பேட்டரி செத்த பெட்டியோ, எழுகிற ஒவ்வொரு தடவையும் அதே பழைய புத்தாண்டில் எழுந்தது. நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் வந்து சேர்வதற்குள் எண் முடிவாகிவிடும். அணைந்து எழுந்த செய்தியைக்கூடப் பெட்டி அந்தப் புத்தாண்டுக் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தது. அந்த மாதத்து வரிகளை மட்டும் பார்த்த கல்யாணியின் கண்ணில் அது படாமல் போனது அதனால்தான்.

வீரபாண்டியன் புதுப் பேட்டரியைப் பொருத்தினார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அணைத்துப் போட்டார்கள். எண் மாறியது. மறுபடியும். மறுபடியும் மாறியது.

"இத்தனூண்டு பேட்டரிக்கா மேடம் இவ்வளவு கூத்து?"

"பேட்டரி மேல தப்பில்லே. பெட்டி அதை நம்பியிருக்கக் கூடாது." கல்யாணி பையை எடுத்துக்கொண்டாள். "இந்தப் பெட்டி வேற யார் யார்கிட்ட இருக்கு?"

வீரபாண்டியன் தலையைச் சொறிந்தார். ஓர் அச்சகம், ஓர் எக்ஸ்ரே நிலையம், இரண்டு ஆடிட்டர்கள், இன்னும் சிலர். "சொன்னா என்னையத்தான வைவாய்ங்க" என்றார்.

"வைவா."

"சொல்லாம மெதுவா பேட்டரிய மட்டும் மாத்திவிட்டா?"

"இதுவரைக்கும் போனது என்னன்னு அவாளுக்குத் தெரிய வேண்டாமா? எக்ஸ்ரே நிலையம்னு சொன்னேளே."

அவர் வாடிக்கையாளர் நோட்டைத் தேடி எடுத்தார். பிறகு போனை எடுத்தார். முதலில் எக்ஸ்ரே நிலையத்தைக் கூப்பிட்டார். அங்கேயிருந்து கத்தியது கல்யாணிக்கே கேட்டது.

புது யுபிஎஸ் வந்தது. பெட்டி ஒவ்வொன்றையும் உடனுக்குடன் வட்டில் எழுதும்படி கல்யாணி மாற்றிவைத்தாள். வேகம் கொஞ்சம் குறைந்தது. பிறகு ஒரு பகல் முழுவதும், குரல் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று பெட்டியின் மின் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். நரேன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார். மது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் போகவில்லை என்றார்.

ஷபானா இதற்குள் கரியாஹாட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு கடையில் சேர்ந்திருந்தாள். கல்யாணி நேரே அங்கே போனாள். ஷபானா கடைக்கு வெளியே வந்து நின்றாள். நடைபாதைக் கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். கல்யாணி பெட்டி, ஏசி, பேட்டரி, எண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நீ கேட்டது உன் கணினியிலிருந்த நகல், அதனால் நீ சொன்னது சரி என்றாள்.

ஷபானா முழுசாகக் கேட்டாள். "அன்னிக்கு நரேன்தா என்னைப் போகச் சொன்னப்ப, நீங்க அங்கதான் இருந்தீங்க."

"இருந்தேன்."

"நான் பண்ணலைன்னு நீங்க சொல்லியிருக்கலாம்."

"எனக்குத் தெரியாதே ஷபானா. தெரியாம எப்படிச் சொல்றது?"

"நான்தான் பண்ணினேன்னும் உங்களுக்குத் தெரியாது. அதையாவது சொல்லியிருக்கலாம். இன்னும் பாத்து முடிக்கலை, பொறுங்கன்னு."

"ஆமா" என்றாள் கல்யாணி. "சொல்லியிருக்கணும்."

ஷபானா கொஞ்சம் தணிந்தாள். மாஷிமா எப்படியிருக்கிறார் என்று கேட்டாள்.

"தொண்டை பரவாயில்லே. திரும்ப வாசிக்க ஒத்துண்டிருக்கா. ஆனா நீ உக்காந்தாத்தான் வாசிப்பாளாம். நரேன் ஓயாம நடுவுல நிறுத்தறாராம்."

ஷபானா சிரித்துவிட்டாள். அந்தப் பாடங்களுக்கு மட்டும் வருகிறேன், வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். வந்தாள். முதல் நாள், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நரேன் எழுந்து நின்று, தப்பு மெஷினுடையது, ஷபானாவுடையது அல்ல, நான்தான் அவசரப்பட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஷபானா தலையை ஆட்டிவிட்டுப் பதிவு மேஜைக்குப் போனாள். சுந்தரவனமும் வண்டல் மண்ணும் மறுபடி பதிவாயின. பள்ளி திறந்து கொஞ்சம் தாமதமாகத்தான் பாடங்கள் போய்ச் சேர்ந்தன. வேலை முடிந்ததும் ஷபானா கல்யாண வீடியோக்களுக்கே திரும்பிப் போனாள். அங்கே சம்பளமும் கூட.

பெட்டியைச் செய்த நிறுவனத்துக்குக் கல்யாணி எல்லாவற்றையும் விவரமாக எழுதியனுப்பியிருந்தாள். துர்கா பூஜை விடுமுறை கழிந்த பிறகு பதில் வந்தது. இனி அந்த எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் வேறு விதமாக உருவாக்குவதாகச் சொல்லி, புது மென்பொருளும் அனுப்பியிருந்தார்கள். கல்யாணி அதைப் பெட்டியில் ஏற்றினாள். அந்தப் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சோதித்தாள். எண் மாறியது. பேட்டரியைத் திரும்பப் பொருத்தினாள்.

இப்போதெல்லாம் ஏதாவது பிசகினால் நரேன் வழக்கம்போல, "மெஷின்ல தப்பு இருக்கா?" என்று கேட்கிறார். கல்யாணி தான் பார்த்தது எது, இன்னும் பார்க்காமல் இருப்பது எது என்று இரண்டையும் சொல்கிறாள். பதில் நீண்டுபோகிறது என்று நரேனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.